பன்னிரண்டாவது மோட்டார்

எல் ஆல்டோவில் காற்று மெலிந்தது.
நாலாயிரம் மீட்டர் உயரத்தில்
தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும், உருளைக்கிழங்கு வேகாது,
மோட்டார் சூடானால் ஆறாது.
இதை எந்தக் கையேடும் எனக்குச் சொல்லவில்லை.
இரண்டு கருகிய பிறகு
மூக்கு சொன்னது.

பகலில் நான் பல்செட் செய்கிறவள்.
ஊர் மெல்லுவதற்கு என் கை உழைக்கிறது.
இரவில் அதே மேசை, அதே அரம்,
கால்கள்.

தொடைக்கு, நசுங்கிய குக்கர் மூடியின் அலுமினியம்.
பாதத்துக்கு, மிச்சமிருந்த ஈறு நிற அக்ரிலிக்.
நாலு இளஞ்சிவப்புக் குமிழ்கள்,
இன்னும் பல் முளைக்காத வாய்கள்
தரையைக் கவ்வக் காத்திருப்பது போல.

வியாழன் சந்தையில் பழைய மோட்டார் பதினொன்று
ஒரே கடையில் கிடைத்தன.
பன்னிரண்டாவது இல்லை.
கடைக்காரி ப்ளாசிடா பெட்டியின் அடியில் துழாவி
வேறு கம்பெனி ஒன்றை எடுத்துத் துடைத்தாள்.
"இதுவும் சுத்தும்."
சுற்றியது.
மற்றவை அறுபது டிகிரி திரும்பும் நேரத்தில்
இது நாற்பத்தைந்து.
இடது பின்னங்கால் முழங்காலில் வைத்தேன்,
கண்ணில் படாத இடம் என்று.

முதல் நாள் மின்சாரம் கொடுத்ததும்
வெடவெடவென்று நடுங்கியது.
நேராக நிற்பது எது என்பதில்
பன்னிரண்டு மூட்டுக்கும் பன்னிரண்டு அபிப்பிராயம்.
விறைப்பைக் குறைத்தால் தொய்ந்தது,
கூட்டினால் சுரம் வந்தவன் போல் உதறியது.
நடுவில் ஓர் எண் இருந்தது,
மூன்று வாரம் தேடினேன்.

பிறகு கடி பார்க்கும் நீலத்தாளைக்
கத்தரித்துப் பாதங்களின் கீழ் வைத்தேன்.
மூன்று அழுத்தமாகப் பதிந்தன.
நாலாவது,
வைத்தேனா வைக்கலையா என்று ஒரு நிழல்.
ஒரு பல் உயர்ந்தால் வாயே கோணும்,
அது எனக்குத் தெரிந்த கணக்கு.
ராவினேன், வைத்தேன், ராவினேன்.

நின்றது. இனி நடக்க வேண்டும்.

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவனைப் பார்த்துச்
சிரிப்பதை விட்டுவிட்டேன்.
என் முயலுக்கு எந்த நொடியிலும் மூன்றே கால்தான்.
நாலாவது காற்றில்.
மூன்றும் வரையும் முக்கோணத்துக்குள்
உடம்பின் எடை இருக்கும்வரை அது முயல்,
ஒரு விரல்கடை வெளியே போனால்
தரையில் கிடக்கும் குக்கர் மூடி.

நானோ நாலுகால் பாய்ச்சலுக்கு ஆசைப்பட்டவள்.
தத்தக்கா பித்தக்கா, தடால்.
தத்தக்கா பித்தக்கா, தடால்.

கீழ்வீட்டு ஃபெர்மின் அபாசா
துடைப்பக் கட்டையால் கூரையை இடித்தார்.
கம்பளி விரித்தேன். அதிலும் கால் சிக்கி விழுந்தது.
ஒரு காலை கதவிடுக்கில்
குடியிருப்போர் சங்கத்துக்கு அவர் எழுதிய புகாரின் நகல்:

மூன்றாம் மாடி நிகானோரா சாம்பி.
செவ்வாய் 11.40, ஆறு தட்டு, பிறகு இடி.
செவ்வாய் 11.52, ஆறு தட்டு, பிறகு இடி.
புதன் 12.15, ஆறு தட்டு
(இம்முறை ஏழு என்று நினைக்கிறேன், தூக்கக் கலக்கம்),
பிறகு இடி.

கோபம் வரத்தான் செய்தது, பாதி படிக்கும்வரை.
அப்புறம் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன்.
நான் விழுந்ததையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
அவர் அதற்கு முந்தியதை எண்ணியிருக்கிறார்.

ஒவ்வோர் அடிக்கும் அந்த முழங்கால்
கொஞ்சம் பிந்துகிறது.
பிந்தியதை யாரும் தள்ளுபடி செய்வதில்லை,
அடுத்த அடிமேல் ஏற்றிவைக்கிறார்கள்.
ஆறு அடிக்குத் தாங்கும்.
ஏழாவதில் கடன்காரன் கதவைத் தட்டுகிறான்.

பதினொன்றையும் நாற்பத்தைந்துக்கு இறக்கினேன்.
கை வரவில்லைதான், வேகம் என் காசு.

அன்றிரவு ஏழு.
எட்டு.
அடுப்பைத் தாண்டி, செருப்பைச் சுற்றாமல் அதன்மேல் ஏறி,
இடப்பக்கம் லேசாகச் சாய்ந்தபடி
பத்தொன்பதாவதில் கதவை முட்டி நின்றது.
கீழே துடைப்பம் ஒரு தரம் இடித்தது.
எதற்கென்று விளங்கவில்லை.

மோட்டார்களைத் தொட்டுப் பார்த்தேன்.
பதினொன்று இளஞ்சூடு.
அது மட்டும் கொதித்தது.
கையில் இருந்த புகாரை இரண்டாக மடித்து
விசிறத் தொடங்கினேன்.
மெலிந்த காற்று,
நெடுநேரம் விசிற வேண்டியிருந்தது.