நூற்றுப் பதினேழு

புதுவயலில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதென்று
கொடியில் காயும் வெள்ளைத் துணியைக் கேட்டால் போதும்.
ஆடியில் அது மில்லிலிருந்து எங்கள் தெருவுக்கு வரும்,
உமிச்சாம்பலோடு.

பாய்லர் சட்டையை மில் ஆணியிலேயே
மாட்டிவிட்டு வீட்டுக்கு வருவேன்.
தலைமுடியை எந்த ஆணியில் மாட்ட?

சேவுகனுக்கு ஒன்பது வயது. நெஞ்சுக்குள் ஒரு விசில்.
இரவு இரண்டு மணிக்கு வள்ளிக்கண்ணு
அவன் முதுகில் காதை வைத்துக் கிடப்பாள்,
பக்கத்து வீட்டுச் சண்டையைச்
சுவரோடு ஒட்டிக் கேட்பவள்போல.

காரைக்குடி டாக்டரம்மா இரண்டு பம்ப் கொடுத்தார்.
நீலம், மூச்சு முட்டினால்.
பழுப்பு, முட்டாமல் இருக்க.
காலையில் இரண்டு அழுத்து, இரவில் இரண்டு.
"நல்லா இருந்தாலும் நிறுத்தாதீங்க."
பழுப்பின் முதுகில் ஒரு சின்ன ஜன்னல்.
அதில் இருநூறு என்று இருந்தது.

பன்னிரண்டு நாள் ஒழுங்காகக் கொடுத்தேன்.
குடுவையை முகத்தில் வைத்ததும்
பத்து மூச்சை விரலில் எண்ணுவான்.
பத்தாவது விரலை மட்டும் மடக்காமல்
என்னைப் பார்த்துக் கண்ணால் சிரிப்பான்.

பதின்மூன்றாம் நாள் விசில் இல்லை.
பள்ளிக்கூடத்துக் கபடியில்
இரண்டு பேரைத் தொட்டுவிட்டு வந்தானாம்.
நல்லாத்தானே இருக்கான்.
சொன்னது வாயா, சட்டைப்பையா, தெரியாது.
டப்பா ஒன்று என் கூலியில் முக்கால் நாள்.
அன்றிலிருந்து இரவு மட்டும், ஒரே அழுத்து.
காலையில் வள்ளிக்கண்ணு கேட்டால்
"கொடுத்தாச்சு" என்பேன்.
விதைநெல்லை மிச்சம் பிடிப்பதாகத்தான் நினைத்தேன்.

ஆடி பதினான்கு.
கழுத்துக்குழி ஒவ்வொரு மூச்சுக்கும்
உள்ளே விழுந்து விழுந்து எழுந்தது.
நீலத்துக்கு அடங்கவில்லை.
மூட்டை ஏற்றும் குட்டியானையின் முன்சீட்டில்
அவனை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு போனேன்.
கண்டனூர் போனது. கோட்டையூர் போனது.
எந்தப் பலகையையும் விடாமல் வாசிக்கிறவன்
ஒன்றையும் வாசிக்கவில்லை.
அப்போதுதான் பயந்தேன்.

விடிந்ததும் டாக்டரம்மா பழுப்பைக் கேட்டார்.
ஜன்னலை வெளிச்சத்துக்குத் திருப்பினார்.
நூற்றுப் பதினேழு.
"ஐம்பது நாளாச்சே" என்றார்.
மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை.
கணக்கு அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.
வள்ளிக்கண்ணு மெல்ல
என் பக்கம் திரும்ப ஆரம்பித்தாள்.

புகை விடும் முகமூடியை விலக்கிக்கொண்டு
சேவுகன் சொன்னான்:
"நான்தான் மறந்துட்டேன், டாக்டர்."

மறப்பானா?
போன தீபாவளிக்கு ஏறிய பஸ்ஸின் நம்பரை
இன்னும் சொல்கிறவன்.
முப்பத்தைந்து இரவும்
இரண்டாவது அழுத்துக்குக் குடுவையோடு காத்திருந்துவிட்டு
தானே கழற்றிக் கையில் கொடுத்தவன்.

இல்லை டாக்டர், நான்தான் என்று
அங்கேயே சொன்னேன் எனச் சொல்ல ஆசைதான்.
சொல்லவில்லை.
மூன்றாம் நாள் திரும்பி வரும்போது
பஸ் இரைச்சலுக்குள் வள்ளிக்கண்ணுவிடம் சொன்னேன்.
அவள் "ம்" என்றாள்.
கோட்டையூர் வரை வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

இப்போது ஜன்னல் அவன் பொறுப்பு.
ராத்திரி மருந்து முடிந்ததும் உரக்க வாசிப்பான்:
நூற்றுப் பதின்மூன்று.
நூற்று ஒன்பது.
நான் வீட்டில் இருந்தால்
கொஞ்சம் கூடுதல் சத்தமாக.