செவ்வாய்க்கிழமைப் பால்

களுவாஞ்சிகுடிச் சந்தைக்கு நான்
பதினொரு மணிக்குப் பிறகுதான் போறது.
ஐஸ் உருகி, கீரிமீனின் கண் சிவந்து
விலை சொல்லும் குரலும் இறங்கியிருக்கும்.
குறுணல் அரிசி. வெடித்த முட்டை,
கிண்ணம் கொண்டுபோனால் பாதி விலை.
தேயிலையும் டஸ்ட்தான்,
ஒரு கரண்டிக்கு ரெண்டு ஊற்று.

செவ்வாய் மட்டும் அங்கர் பக்கெட்,
நடுவில் கிறீம் வைத்த பிஸ்கட்.
கிழமைக் காசு வாங்க நிதர்சன் தம்பி வருவார்.
இந்த வீடு ஓடுது என்று அவர் நினைக்கவேணும்.

நினைத்துவிட்டார்.
"அக்கா, உங்களுக்கு இன்னொரு லோன் தரலாமே,"
கோப்பையைப் பாதியில் வைத்தபடி.

மோட்டர்சைக்கிள் சத்தம் ஒழுங்கை தாண்டினதும்
மிச்சத்தை நான் குடித்தேன்.
சீனி கூடிப்போச்சு.
மகள் தட்டை எண்ணிப் பார்த்து
மூன்று பிஸ்கட்டைத் திரும்பப் பக்கெட்டில் அடுக்கினாள்,
அடுத்த செவ்வாய்க்கு.