முடிவு தேதி

கணினி ஒரே கேள்வியில் நின்றுவிட்டது:
முடிவு தேதி?

காவலாளிகள் ஆறு பேர், மூன்று ஷிப்டு.
வேலி, விளக்கு, நாய்களுக்கு இறைச்சி,
கான்கிரீட் உறைகளின் சூடு பார்க்க இரண்டு கருவி,
அவை பொய் சொல்கின்றனவா என்று பார்க்க
மூன்றாவது கருவி.
எல்லாவற்றுக்கும் தொகை போட்டாயிற்று.
எதுவரைக்கும் என்பதுதான் பாக்கி.

ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது
டிசம்பர் முப்பத்தொன்றுக்கு அப்பால்
நாளே கிடையாது என்கிறது மென்பொருள்.
இருபத்துநாலாயிரம் ஆண்டில் பாதிதான் தீரும்
என்கிறது மேசையில் கிடக்கும் தாள்.
மிச்சப் பாதியில் பாதி தீர
இன்னொரு இருபத்துநாலாயிரம்.
வட்டிக்காரனே இப்படி ஒரு பத்திரம்
எழுதி வாங்கியதில்லை.

வில்னியுஸிலிருந்து வந்த தணிக்கைக்காரி யூர்கிதா
பூட்ஸின் பனியை உதறிக்கொண்டே சொன்னாள்:
"ஐம்பது வருஷம் என்று போடுங்கள்.
எல்லோரும் அப்படித்தான்."
போட்டேன்.
கட்டம் பச்சையானது.
ஒரு விரல் தட்டலில்
நிலையம் மலிவாகிவிட்டது.

அன்றிரவு வானொலியில் இரண்டு பேராசிரியர்கள்.
ஒருவர் ஒரு யூனிட்டுக்கு மூன்று காசு என்றார்,
மற்றவர் முப்பது.
இருவர் கையிலும் இருந்தது
நான் கூட்டிப் பெருக்கிய அதே பேரேடு.
உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தேன்.
கத்தியை வைத்துவிட்டு
கொஞ்சநேரம் சிரித்தேன்.

யாருக்கும் வக்காலத்து வாங்க
எனக்கு முடியவில்லை.
அக்காள் கணவர் போரிஸ் தோன்பாஸில் நிலக்கரி வெட்டினார்.
நாற்பத்தொன்பது வயதில்
கைக்குட்டையில் கறுப்பாகத் துப்பித் துப்பியே போனார்.
அந்தக் கைக்குட்டைக்கு
எந்த மின்கட்டண ரசீதிலும் ஒரு வரி இல்லை.
என் மகள் பிறந்த இரவு
மைனஸ் இருபத்தெட்டு.
பிரசவ வார்டின் விளக்கு ஒருதரம்கூட மினுங்கவில்லை.
அதை எங்கே வரவு வைப்பது?

அர்கதியை எண்பத்தாறின் இலையுதிர்காலத்தில்
தெற்கே அனுப்பினார்கள்.
கூரைமேல் தொண்ணூறு விநாடி.
ஒரு மண்வெட்டி, ஓர் ஓட்டம்.
திரும்பி வந்து என்னைக் கல்யாணம் செய்துகொண்டார்.
நன்றாகத் தூங்குகிறார், நன்றாகச் சாப்பிடுகிறார்.
'குறிப்பிட ஒன்றுமில்லை' என்று
வருஷாவருஷம் டாக்டர் எழுதுகிறார்,
பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி.
பென்சில் எழுத்து கணக்கில் சேராது.

உலை ஓடிய காலத்தில்
வெந்நீர் விழுந்த இந்தக் கரைப்பக்கம் உறைந்ததே இல்லை.
அன்னங்கள் தெற்கே போக மறந்து
குளிர்காலம் முழுக்க இங்கேயே மிதந்தன.
உலையை அணைத்த முதல் ஜனவரியில்
ஏரி மூடிக்கொண்டது.
அவற்றுக்கு யாரும் தகவல் சொல்லவில்லை.

இன்று ஞாயிறு.
துளைபோடும் கருவியும் தூண்டிலுமாய்
அர்கதி வெகுதூரம் போய்விட்டார்.
பனிக்கட்டிக்கு அடியில் எங்கோ
வயிறு புரட்டுவதுபோல ஒரு சத்தம்.

"தாங்குமா?" என்று கத்துகிறேன்.
"இதுவரைக்கும் தாங்குது!"

எத்தனை விரற்கடை கனம் என்கிறேன்.
கையைத் தூக்கிக் காட்டுகிறார்.
கட்டைவிரல் மட்டும் பிரிந்த
கம்பளிக் கையுறை.
உள்ளே எத்தனை விரல் நீட்டியிருக்கிறார் என்று
இங்கிருந்து தெரியவில்லை.