நான்கு தாள் கனம்

மின்விசிறி செய்து விற்ற மனிதரின் அறையில்
இனிமேல் காற்று அசையக் கூடாது.
பதினெட்டு டிகிரி. நாற்பத்தைந்து சதவீதம் ஈரம்.
வெளியே வெசியார்வி ஏரி உறைந்து கிடக்க
சன்னல் கொக்கியைத் திருகிச் சாத்துகிறேன்.
முப்பத்தெட்டுக் குளிர்காலமும்
ஒரு விரற்கடை திறந்தே இருந்த சன்னலாம்.
உல்லே சொன்னாள்.

உல்லே பர்னுவிலிருந்து வந்தவள்,
இந்த மாடியைப் பெருக்கித் துடைப்பவள்.
தௌனோ ரிபாத்தி இறந்த மறுவாரம்
படமெடுக்க வந்த விளம்பரப் பிரிவுக்காரர்கள்
மேசை நடுவில் ஒரு தட்டச்சுப்பொறியை வைத்தார்கள்.
பழஞ்சந்தையில் வாங்கியது. எடுப்பாகத்தான் இருந்தது.
வாசலில் நின்றவள் வாளியைக் கீழே வைத்தாள்.
"அவருக்குத் தட்டச்சு வராது.
அங்கே இருந்தது நெஞ்செரிச்சல் மாத்திரை."

ஆகவே மாத்திரைப் புட்டி, பொருள் எண் ஏழு.
செருப்பு ஒரு ஜோடி, இடது குதிகால் அதிகம் தேய்ந்தது, எட்டு.
இழுப்பறை நிறைய உணவகச் சீட்டுகள்,
ஒவ்வொன்றின் முதுகிலும் விசிறி இறக்கையின் வளைவு,
ஒன்றில் மட்டும்
'கைசுவுக்குப் பனிச்சறுக்குக் காலணி, 36.'
கைசுதான் இப்போது தலைவர்.
சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு
"வாங்கித் தரவில்லை" என்று சிரித்தாள்.
அதையும் குறிப்பில் சேர்க்கவா என்றேன்.
சேர் என்றாள்.

காப்பகத்தில் பக்கங்களை எண்ணுவதில்லை,
அலமாரியில் பிடிக்கும் நீளத்தை அளப்போம்.
ஒரு நிறுவனமும் ஒரு மனிதரும் சேர்ந்து
பதினொன்றரை மீட்டர்.
இரவுச் சாப்பாட்டில் சொன்னபோது
யோர்மா முள்கரண்டியை நிறுத்தி யோசித்தான்:
"ஒரு பேருந்து நீளம்கூட இல்லையே."

முதல் வேலை இரும்புக் கிளிப்புகளைக் கழற்றுவது.
துரு ஏறினால் தாளைத் தின்றுவிடும்.
எலும்பு அலகை நுழைத்து
மீன் முள் எடுப்பதுபோல் மெல்ல.
காபிக் கோப்பை நிரம்பியது.
பிறகு உல்லே தன் பழைய வாளியைத் தந்தாள்.

எண்பத்து மூன்று, மார்ச். பச்சைக் கோப்பு.
ஹெய்மோ வர்த்தியைனென், தகடு அழுத்தும் பிரிவு.
வலக்கை. மூன்று விரல்.
எந்திரத்தின் காப்புத் தகடு கழற்றப்பட்டிருந்தது,
வேகத்துக்காக.
கழற்றச் சொன்ன கையெழுத்து
இதற்குள் எனக்கு நன்றாகப் பழகிய கையெழுத்து,
அந்த வளைவுகளை வரைந்த அதே கை.
நான்கு தாள்.

வழக்கறிஞர் வெள்ளிக்கிழமை வந்தார்.
பண்பானவர், பனி ஒட்டிய காலணியை வாசலிலேயே விட்டார்.
"குடும்ப ஆவணம்" என்று எடுத்துக்கொண்டு
ரசீது தந்தார். அதில்
'தாள்கள்' என்று மட்டும்.
கைசு அன்று ஊரில் இல்லை.
இருந்திருந்தால்?
அதைப் பென்சிலால்கூட எழுத முடியாது.

அவற்றின் அடியில் கிடந்த தாள் மிஞ்சியது.
தொழிற்சாலை உணவுப் பட்டியல்:
வியாழன், பட்டாணி சூப்.
அதன் இடது மூலையில்
நாற்பது வருடம் அழுந்திக் கிடந்த
ஒரு கிளிப்பின் பழுப்பு உருவம்,
நகத்தால் தடவினால் சொரசொரக்கிறது.

பெட்டி 214, கோப்பு 6.
"உணவுப் பட்டியல், ஒரு தாள், நல்ல நிலை.
மேல் மூலையில் துருத் தடம்.
கிளிப்பின் வாய் விரிந்திருப்பதைப் பார்த்தால்
இதன் மேல் நான்கு தாள் இருந்திருக்க வேண்டும்.
அவை இங்கே இல்லை.
கிளிப் இருக்கிறது, தனி உறையில்."

அந்த ஒன்றைத்தான் வாளியில் போடவில்லை.
மற்றவற்றைப் பழைய இரும்புக்காரரிடம் கொடுத்தோம்,
நானும் உல்லேயும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து.
மூன்று கிலோ நானூறு.
அதற்கும் ரசீது உண்டு.
கோப்பில் சேர்த்துவிட்டேன்.