பிடி

வூப்பர்டாலில் இரவு இரண்டு மணி.
தொங்கு ரயிலும் ஓய்ந்துவிட்டது.

உள்ளங்கையை முழுக்கச் சாய்த்தால்
குறி பிந்துகிறது.
நண்டுக்காலாய் விரல்களை வளைத்தால்
மணிக்கட்டு நரம்பு சுண்டி இழுக்கிறது.
நுனிவிரலால் மட்டும் தொட்டால்
எதிரியை விட்டு
வானத்தைச் சுடுகிறேன்.

"இறுக்காதையடா," ஹெட்செட்டில் அபிஷன்,
ஓல்டனில் இருந்து, சிப்ஸ் மென்றபடி.

ஏழாவது முறை செத்து
தண்ணீர் குடித்துவிட்டு வந்து
யோசிக்காமல் கை வைத்தேன்.
மோதிரவிரல் கொஞ்சம் வெளியே.
சுண்டுவிரல் மேசையில் உரசிக்கொண்டு.
உள்ளங்கைக்கும் மவுசுக்கும் நடுவே
ஒரு சென்ட் காசு நுழையும் இடம்.

சுட்டேன்.
விழுந்தான்.

அசையவில்லை நான்.
இடக்கையால் பேனா துழாவி
மவுசின் முதுகில்
விரல்களைச் சுற்றிக் கோடு போடுகிறேன்,
விழுந்தவனைச் சுற்றிப்
போலீஸ் போடுமே, அதுபோல.

அடுத்த ஆட்டம் தொடங்கிவிட்டது.
"எங்கையடா நிக்கிறாய்?"