ஒன்றரை வோல்ட்

எல் ஆல்ட்டோவில் விடிகாலை நாலு மணி.
கண்ணாடியில் படிந்த உறைபனியைப்
பழைய போன் அட்டையால் சுரண்டிவிட்டுச்
சாவியைத் திருப்புகிறேன்.
டிக்.
மறுபடியும், டிக்.
அவ்வளவுதான் அதற்குச் சொல்ல இருந்தது.

இது இரண்டாவது பேட்டரி.
முதலாவதை விற்றவனிடம் போய்
கடைத்தெரு திரும்பிப் பார்க்கக் கத்தியிருக்கிறேன்.
பிறகு ஆல்டர்னேட்டர் என்றார்கள்.
வியாழக்கிழமைச் சந்தையில் கடனுக்கு ஒன்று.
பிறகு ருஃபீனோ.
வழித்தடம் கூவுகிறவன்,
இரவில் வண்டியிலேயே படுப்பவன்.
ரேடியோவை அணைக்காமல் தூங்கினாயா என்றேன்.
இல்லை என்றான்.
இல்லை என்றதற்காகவே இறக்கிவிட்டேன்.

அன்றிலிருந்து
செஹா, செஹா, சான் ஃப்ரான்சிஸ்கோ
நானே கூவுகிறேன்.
கையில் ஸ்டியரிங், பாவாடை மடியில் சில்லறை,
தொண்டையில் மணல்.

வென்செஸ்லாவோ சூரா அதிகம் பேசமாட்டார்.
பக்கத்து மினிபஸ்ஸிலிருந்து ஒயர் கொடுத்து எஞ்சினைக் கிளப்பி
முகப்பு விளக்கு, ஹீட்டர், உள்விளக்கு
எல்லாவற்றையும் போடச் சொன்னார்.
மீட்டரின் முள்ளை ஆல்டர்னேட்டரின் திருகில் வைத்தார்:
பதினாலு புள்ளி இரண்டு.
பேட்டரியின் முனையில் வைத்தார்:
பன்னிரண்டு புள்ளி ஏழு.

"இது குடுக்குது, எவூசேபியா. அதுக்குப் போய்ச் சேரலை.
நடுவுல எதுவோ ஒன்றரை வோல்ட் தின்னுது."

தடித்த சிவப்பு ஒயரை விரலால் தடவியபடியே போனார்.
ரேடியேட்டரை ஒட்டி வளைகிற இடத்தில்
கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.
சுட்டது.

எஞ்சினை அணைத்துவிட்டு டேப்பைக் கத்தியால் கீறினார்.
ஒரு சுற்று, இரண்டு,
ஏழு.
உள்ளே பச்சை பூத்துப்போய்
கையால் முறுக்கிய இணைப்பு.
நாலைந்து இழைதான் மிச்சம், மற்றதெல்லாம் பொடி.

"எந்த மடையன் பார்த்த வேலை?"

எனக்குத் தெரியும் அந்த முறுக்கு.
கார்னிவல் வாரம், ஓருரோ சாலை, ஆலங்கட்டி மழை,
முணுமுணுக்கும் பதினோரு பயணிகள்,
பல்லால் கடித்து உரித்த ஒயர்.
டார்ச் பிடித்தது ருஃபீனோ.
டேப்பை மட்டும் தாராளமாகச் சுற்றினேன்.

"முன்ன வச்சிருந்தவன்," என்றேன்.

"ஜப்பான்காரனா?"
கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல்
புது ஒயரின் முனையில் தாமிர வளையத்தை நசுக்கத் தொடங்கினார்.

எண்பது பொலிவியானோ.
பேட்டரியில் பதினாலு புள்ளி ஒன்று.
மஞ்சளாக இருந்த விளக்கு வெளுத்து
எதிர்ச்சுவரில் யாரோ என்றோ அழித்த
தேர்தல் எழுத்தைக்கூடப் படிக்க முடிந்தது.

மறுநாள் ஒரே திருப்பில் கிளம்பியது.

செஹா முனையில் ருஃபீனோ
வேறொரு வண்டிக்குக் கூவிக்கொண்டிருந்தான்.
கதவைத் திறந்து நிறுத்தினேன்.
பின்னால் ஹார்ன்கள், வசவுகள்.
அவன் இருக்கையில் அந்தப் பழைய இணைப்பை வைத்திருந்தேன்,
கீறிய டேப்போடு.

எடுத்தான். திருப்பிப் பார்த்தான்.
சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஏறியவன்
முதல் வேலையாக
ரேடியோவை அணைத்தான்.