மைனஸ் இரண்டு

காலித் துறைமுகத்தில் இரவு ஷிப்ட் முடிந்து வந்து
சட்டையைக்கூடக் கழற்றாமல்
சாப்பாட்டு மேசையில் பரப்பினேன்
அல்ஜீப்ராவுக்கு முந்திய வருடத்தின்
மாதிரிப் பாடங்களை.
அலுவலக பிரிண்டரில்
யாரும் வராத மூன்று மணிக்கு
கன்டெய்னர் பட்டியல்களுக்கு நடுவே
ஒளித்து எடுத்தவை.
ஒரு தாளின் பின்புறம் இன்னும் இருக்கிறது
உம்முல் குவைனுக்குப் போன
வெங்காயத்தின் எடை.

முதலாவது நல்ல பருமன்.
ஒரே வகைக் கணக்கு நாற்பது தடவை.
கை பழகினால் புத்தி பின்னால் வரும்
என்கிறது முன்னுரை.
நானும் அப்படிப் படித்தவன்தான்.
புத்தி வந்ததா என்று
சில்வியாவிடம் கேட்க வேண்டும்.

இரண்டாவதில் ஓர் ஆக்டோபஸ் கேள்வி கேட்கிறது.
பக்கத்துக்கு மூன்றே கணக்கு.
மூன்றிலும் தோற்றேன்.

மூன்றாவது வீடியோ.
பனி கொட்டும் ஏதோ ஊரிலிருந்து ஒருவர்
சிரித்தபடி சொல்கிறார்,
இன்று இங்கே பூஜ்யத்துக்குக் கீழே ஏழு டிகிரி.
ஜன்னலுக்கு வெளியே
காலை எட்டரைக்கே முப்பத்தொன்பது.
ஜோவிதா வீடியோவை நிறுத்திவிட்டுக் கேட்டாள்
"பூஜ்யத்துக்குக் கீழ யாராவது இருக்காங்களா?"

கிளினிக்குக்குக் கிளம்பும் அவசரத்தில்
சில்வியா விலையை மட்டும் பார்த்தாள்.
இரண்டு வருடத் தொகுப்பாக வாங்கினால்
முப்பது சதவீதம் மிச்சம்.
விசா இன்னும் பதினான்கு மாதம்.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
தாளைக் குப்புற வைத்துவிட்டு
கூந்தலை வலைக்குள் சுருட்டினாள்.

நான் பெட்டியின் எடையைத் தேடினேன்.
ஒன்பது கிலோ முந்நூறு கிராம்.
ஊருக்குப் போகும்போது ஆளுக்கு முப்பது கிலோ,
அதில் ஒன்பது போனால்
என்று தொடங்கி
நிறுத்திக்கொண்டேன்.

ஞாயிறு பூசை முடிந்து விசாரிப்பவர்களிடம்
"வீட்டிலேயே நல்லாப் படிக்கிறா" என்போம்.
பொய்யில்லை.
மூன்றாம் பருவக் கட்டணத்துக்கு
இரண்டாம் நினைவூட்டல் வந்த நாளிலிருந்து
அது உண்மை.

குப்பைப் பையோடு லிஃப்டில் இறங்கினோம்.
ஏழில் ஏறியவள்
தரைத்தளத்தை விட்டுவிட்டு
மைனஸ் இரண்டை அழுத்தினாள்.
"எத்தனை மாடி?" என்றேன்,
வாத்தியார் குரல் எனக்கே பிடிக்கவில்லை.
"ஒம்பது."
"கூட்டினியா, கழிச்சியா?"
"இறங்குனேன்."

கீழே எங்கள் தூணருகே
வேறு யாருடைய வெள்ளைக் காரோ நின்றது.
எங்களுடையதை மார்ச்சில் விற்றோம்.
இடத்தை மூன்றாம் மாடி சூடான்காரருக்கு விட்டிருக்கிறோம்,
மாதம் இருநூறு திர்ஹாம்.
இதுவரை அவளிடம் சொல்லவில்லை.
சொன்னேன்.
தூசி படிந்த பானெட்டில் விரலால் ஒரு கோடு இழுத்தாள்,
நடுவில் ஒரு புள்ளி வைத்தாள்,
புள்ளிக்கு இடதுபக்கம் தட்டிக்கொண்டே கேட்டாள்
"அப்ப மைனஸ்ல இருந்து நமக்குக் காசு வருதா?"

ஆக்டோபஸ் எந்தப் பக்கத்திலும்
இப்படி ஒன்று கேட்கவில்லை.
ஆனாலும் இவள் கேட்பதைக்
கேட்டுக்கொண்டு சும்மா இருக்கத் தெரிந்த புத்தகம்
அது ஒன்றுதான் என்று தோன்றியது.
நாற்பது தடவைக்காரர்
முதல் தடவையிலேயே விடை சொல்லியிருப்பார்.

ஆர்டர் போட்டேன்.
ஒரு வருடத்துக்கு மட்டும்.
சலுகை கிடையாது.
விடைப் புத்தகம் தனி, நாற்பது திர்ஹாம்.
அது எனக்கு.

கண்ணைச் சுழற்றிக்கொண்டு வந்தது.
படுக்கப் போகும்போது பார்த்தேன்,
மேசையில் தாளைத் திருப்பிப் போட்டு
தன் எடையிலிருந்து
வெங்காயத்தின் எடையைக் கழித்துக்கொண்டிருந்தாள்
ஜோவிதா.
சிறியதிலிருந்து பெரியது போகாது
என்று சொல்ல வாயெடுத்து
கதவைச் சாத்தினேன்.